கல்லறைத் திருநாளன்று வாசித்த பெயர்

அந்தக் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கரும்பச்சைத் துணி, கையடக்கமாக மடங்கும் கம்பிகள், பிடியில் ஒரு பட்டன். அழுத்தினால் டப்பென்று தானாகவே விரிந்துகொள்ளும். எழுபதுகளில் மரக்காணத்தில் குடை என்றால் வளைந்த மரப்பிடி வைத்த நீளமான கறுப்புக் குடைதான். அதையும் வாத்தியார்களும் உப்பளத்துக் கணக்குப்பிள்ளைகளும்தான் பிடிப்பார்கள். அதனால் அந்த அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி இதை விரித்தபோது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தை மறைத்துக்கொள்ள எடுத்த குடை ஊரையே பார்க்க வைத்துவிட்டது. ஐப்பசி மாதம்தான், ஆனால் அன்றைக்கு மழை இல்லை. வெயிலும் இல்லை.

அவரை அழைத்துப் போகத்தான் நான் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். குடையை நன்றாகத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தவர், "நீங்கதானே டீச்சர்? கடைத்தெரு வழியா போகாம வேற வழி இருக்குதாங்க?" என்று கேட்டார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. வேறு வழி இருந்தது. உப்பளத்து வரப்பு மேலேயே நடந்து போகலாம். சுற்று வழி, மழைக்காலத்தில் சேறு. அவர் காலில் போட்டிருந்த பிரான்சுச் செருப்பு அந்தச் சேற்றில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வழியாகவே கூட்டிப் போனேன். அவரைப் போலப் பலரை நான் அந்த வரப்பில் கூட்டிப் போயிருக்கிறேன்.

நான் வேலை பார்த்தது ஒரு விடுதிப் பள்ளியில். ஊர்க்காரர்கள் அதைக் கிறுக்குப் பள்ளிக்கூடம் என்பார்கள். உப்பளங்களைத் தாண்டிக் கடல் பக்கமாக இருந்த பழைய உப்புக் கிடங்கு ஒன்றைச் சுத்தம் செய்து அதில் நடத்தினார்கள். பிரான்சிலிருந்து வந்த ஒரு கன்னியாஸ்திரி அதன் தலைவி. மனசுக்கு வைத்தியம் பார்க்கப் படித்தவர். பெரிய சிஸ்டர் என்போம். அங்கே இருந்த பிள்ளைகள் எல்லாரும் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, பிறகு குடும்பத்தோடு பிரான்சுக்கே போய்விட்டவர்களின் பிள்ளைகள். பதினாலு, பதினைந்து வயதில் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டவர்கள், வீட்டை விட்டு ஓடிப் போலீஸ் பிடித்துக்கொண்டு வந்து விட்டவர்கள், மாதக்கணக்கில் யாரோடும் பேசாதவர்கள். பெற்றவர்களுக்கு அந்த ஊர் டாக்டரிடம் மனம் விட்டுப் பேச பாஷை போதாது. அடித்துப் பார்ப்பார்கள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வார்கள், கடைசியில் யாராவது ஒரு பாதிரிச் சாமியார் சொல்லி இங்கே கொண்டுவந்து விடுவார்கள். நமக்கு வெளிநாடு என்றால் பிரான்சு. அந்தப் பிள்ளைகளுக்கு மரக்காணம்தான் வெளிநாடு. வந்த புதிதில் கிணற்றைப் பார்த்தாலே பயப்படுவார்கள்.

ஊசி மருந்து என்று அங்கே பெரிதாக எதுவும் கிடையாது. வேலை, சாப்பாடு, தூக்கம், பேச்சு. உப்பு விளையும் காலத்தில் பள்ளிக்கென்று இருந்த பாத்திகளில் காலையில் உப்பு வாருவார்கள். மழைக்காலத்தில் சமையல், துவையல், தோட்டம். பெரிய சிஸ்டருக்கு ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது. பிள்ளையைத் திரும்ப அழைத்துப் போவதற்கு முன்னால் அப்பாவோ அம்மாவோ வந்து சில வாரம் அங்கேயே தங்கவேண்டும். பிள்ளை செய்கிற எல்லா வேலையையும் கூடச் செய்யவேண்டும். சாயங்காலம் இருவரும் வரப்பில் சேர்ந்து நடக்கவேண்டும். "பக்கத்துல நடங்க. மூஞ்சி பாக்காதீங்க," என்பார் சிஸ்டர் தன் கொச்சைத் தமிழில். முகம் பார்த்து உட்கார்ந்தால் சண்டைதான் வரும் என்பது அவர் அனுபவம். அந்தப் பெற்றவர்களுக்குத் துணையாக இருப்பதுதான் என் வேலை. கொஞ்சம் பின்னால் நடப்பேன். பேச்சு அறுந்தால் இரண்டு வார்த்தை எடுத்துக் கொடுப்பேன். பேச்சு முற்றினால் அடக்குவேன்.

பெற்றவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. வெட்கம். பட்டாளத்தில் குண்டுக்குப் பயப்படாத ஆள்கூட எங்கள் வாசலில் வந்து நின்றால் குரல் தாழ்ந்து போகும். நான் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வானூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அம்மா, "கான்வெண்ட்ல டீச்சரா இருக்குது" என்று சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் காப்பித் தட்டோடு தலையைக் குனிந்துகொண்டேன். பெண் பார்க்கும்போது தலை குனிந்துதானே ஆகவேண்டும் என்று வந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

குடையோடு வந்த அந்த அம்மாவைப் பிரான்சு அம்மா என்றுதான் சமையலறையில் எல்லோரும் சொன்னார்கள். அவருடைய மகள் எங்களிடம் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பதினாறு வயது. ஒல்லியான பெண், பையனைப் போல வெட்டிய முடி, ஆறு வயதில் ஊரை விட்டுப் போனதால் தமிழைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். அவள் பிரான்சில் சாகப் பார்த்தவள். பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அப்பா அவளோடு பேசவில்லை, அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தற்கொலை பெரிய பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்து வளர்ந்த குடும்பம். அந்த வீட்டில் அவள் செய்த காரியத்துக்குப் பெயரே சொல்லமாட்டார்களாம். "அது நடந்தப்போ" என்பார்களாம், அவ்வளவுதான்.

அந்த அம்மா இரண்டு பக்கமும் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தார். பிரான்சில் இருந்த நம்மவர்களிடம், பெண் இந்தியாவில் பரதநாட்டியம் படிக்கப் போயிருக்கிறாள் என்று. பெரிய முதலியார்சாவடியில் இருந்த தன் அண்ணன் வீட்டில், பெண் பிரான்சில் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று. அவரே என்னிடம் இதைச் சொன்னார், வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே. சொல்லிவிட்டு, "என்ன பண்றது டீச்சர், நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு அத யார் கட்டுவான்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அங்கே கேட்டால் இங்கே, இங்கே கேட்டால் அங்கே. அப்படியானால் அந்தப் பெண் எங்கேதான் இருக்கிறாள் என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம்.

குற்றம் மட்டும் சொல்லக்கூடாது. அந்த அம்மா வேலைக்கு அஞ்சவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்தார், கழிப்பறை கழுவினார், ராத்திரி அவள் போர்வையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார். சாயங்காலம் வரப்பில் நடக்கும்போது மட்டும் குடை வந்துவிடும். ஊர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்த்துப் பிடிப்பார். பாத்திகள் எல்லாம் மழைத் தண்ணீரில் மூழ்கி ஒரே ஏரியாக இருக்கும், ஓரமாகக் கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள், தூரத்தில் கொக்குகளும் நாரைகளும். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஆள் கிடையாது. "யாரப் பாத்துப் பயப்படறீங்க? நாரையப் பாத்தா?" என்று ஒரு நாள் மகள் கேட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடையைச் சாய்த்தபடியே சிரித்தார். அவளும் சிரித்தாள். பின்னால் நடந்த எனக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு ருசித்தது. கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்குப் போகலாம் என்று பெரிய சிஸ்டர் சொன்னார். அவளும் சரி என்றாள். பெட்டியைக்கூடத் துடைத்து வைத்துவிட்டாள்.

அந்த நிலைமையில்தான் கல்லறைத் திருநாள் வந்தது.

நவம்பர் முதல் வாரத்தில் வரும் அந்த நாளில் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் எங்கே இருந்தாலும் தங்கள் ஆட்களின் கல்லறைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, அன்றைக்கு மாலை கோயிலில் பூசை. பூசைக்கு முன்னால் உபதேசியார், அதாவது சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்க்கிறவர், இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஜனங்கள் எல்லோரும் அவர்களுடைய ஆத்துமா சாந்திக்காக, இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொள்வார்கள். தன் வீட்டுப் பெயர் வருகிறதா என்று ஒவ்வொரு குடும்பமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெயர் விட்டுப்போனால் வருஷம் முழுக்கச் சண்டை நடக்கும்.

பிரான்சு அம்மாவின் தகப்பனார் உப்பு வியாபாரத்துக்காக மரக்காணத்தில் வந்து தங்கி இங்கேயே இறந்தவர். கல்லறையும் இங்கேதான். "எங்க அண்ணனும் அண்ணியும் வருவாங்க டீச்சர். நான் மட்டும் தனியா வந்து மடத்துல தங்கியிருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். அன்னிக்கு மட்டும் அத கோயிலுக்குக் கூட்டிட்டு வராதீங்க," என்று என்னிடம் கெஞ்சினார். நான் பெரிய சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் போகும்போது ஒருத்தியை மட்டும் அறையில் வைப்பதா, முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.  ஆறு வயதில் பார்த்த பெண்ணை, முடியை இப்படி வெட்டிக்கொண்டிருப்பவளை, அண்ணிக்கு எங்கே அடையாளம் தெரியப்போகிறது என்று அம்மா தன்னையே தேற்றிக்கொண்டார்.

அடையாளம் தெரியத்தான் இல்லை. கோயிலில் பெண்கள் பக்கம் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணியும் அந்த அம்மாவும் முன்னால், அவர்களுக்கு நேர் பின்னால் நானும் எங்கள் பெண்களும். அவள் என் வலது கைப்பக்கம். அண்ணி ஒருமுறை திரும்பி எங்களைப் பார்த்து, யார் வீட்டுப் பிள்ளைகளோ என்கிற மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். "பொண்ணு எப்படி இருக்குது?" என்று அவர் கேட்டதும், "நல்லா படிக்குது அண்ணி" என்று இவர் சொன்னதும் எங்கள் காதில் விழுந்தது. மகள் என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினாள். அது வரைக்கும் அவளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

உபதேசியார் வாசிக்க ஆரம்பித்தார். தடித்த கண்ணாடி போட்ட நல்ல மனிதர், ஒவ்வொரு பெயரையும் தன் சொந்தக்காரர் பெயர் போல மரியாதையாகச் சொல்வார். அந்தோணிகள், சூசைகள், ஆரோக்கியமேரிகள். அந்த அம்மாவின் தகப்பனார் பெயர் வந்தது, அண்ணி சிலுவை போட்டுக்கொண்டார். இன்னும் சில பெயர்கள் போயின. அப்புறம் அவள் பெயர் வந்தது. பிரெஞ்சுப் புனிதை ஒருத்தியின் பெயர், எங்கள் ஊர்ப் பக்கம் யாருமே வைக்காத பெயர். உபதேசியாருக்கு நாக்கில் சரியாக வரவில்லை. ஒருதரம் தடுக்கி நின்று, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, மறுபடியும் தெளிவாகச் சொன்னார். ஆக, கோயிலில் இருந்த எல்லோரும் இரண்டு தரம் கேட்டார்கள்.

அண்ணி சட்டென்று இவர் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இது நம்ம பொண்ணு பேராச்சே?"

அந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நம்ம பொண்ணா? அது அங்க நல்லா இருக்குது அண்ணி. இது வேற யாரோ."

"பாவம், யார் பெத்த புள்ளையோ," என்றார் அண்ணி.

நான் வலது பக்கம் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். வாசிப்பு முடிந்து, ஜனங்கள் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டபோது, பக்கத்தில் ஒரு குரல் கணீரென்று கேட்டது. எப்போதும் வாய்க்குள்ளேயே ஜெபம் சொல்கிற அந்தப் பெண், நிறுத்தாமல், தடுக்காமல், எல்லோரோடும் சேர்ந்து தன் ஆத்துமாவின் இளைப்பாற்றிக்காக வேண்டினாள். முன்னால் இருந்த அம்மாவின் முதுகு அசையவில்லை.  யாரோ என்னை அந்தக் கூட்டத்தின் நடுவில் துணியில்லாமல் நிறுத்தியது போல இருந்தது. என்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இருந்தாலும் அப்படித்தான் இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் தூறல் ஆரம்பித்தது. டப்பென்று அந்தக் குடை விரிகிற சத்தம் கேட்டது. அண்ணனும் அண்ணியும் ஒரு பக்கம், குடைக்குள் இவர் ஒரு பக்கம், தகப்பனார் கல்லறையில் மெழுகுவத்தியை அணையாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு மெழுகுவத்தியை, யாரும் வராத கல்லறையாகப் பார்த்து வைப்பது வழக்கம். அவள் தன்னுடையதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். "இத யாருக்காவது வெச்சிடுங்க டீச்சர். எனக்கு வெக்கலாம்னா எங்க வெக்கறதுன்னு தெரியல," என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை. நான் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டு, அருகில் போய்த் தோளைத் தொட்டபோது, "செத்தவங்கள பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது டீச்சர்" என்றாள். வேலையெல்லாம் செய்தாள். சாப்பிட்டாள். அம்மாவை மட்டும் மேடம் என்றாள். "மேடம், அந்த முறத்தக் குடுங்க." "மேடம், வழி விடுங்க." துடைத்து வைத்த பெட்டியை மறுபடியும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஒருமுறை சாகப் பார்த்த பெண் அல்லவா, பெரிய சிஸ்டர் தன் பாயைத் தூக்கிக்கொண்டு போய் அவள் அறை வாசலில் போட்டுக்கொண்டார். அந்த வயதான மனுஷி தரையில் முடங்கிக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் எவ்வளவு பெரிய ஆபத்து இது என்று எனக்கு உறைத்தது.

பெயர் எப்படி அந்தப் பட்டியலுக்குப் போனது என்று அந்த அம்மாவே சொன்னார். மகள் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று ஒரு பூசை வைக்க ஆசைப்பட்டுத்தான் உபதேசியாரிடம் போயிருக்கிறார். "அவர் பேர் கேட்டார், சொன்னேன். இது யாரும்மா உங்களுக்குன்னு கேட்டார். பொண்ணுன்னு சொல்ல வாய் வரல டீச்சர். தெரிஞ்ச பொண்ணுன்னு சொல்லிட்டேன். வேற ஒன்னும் சொல்லல." வேறு ஒன்றும் சொல்லத் தேவையும் இல்லை. நவம்பர் எங்களுக்கு இறந்தவர்களின் மாதம். அந்த நாட்களில் உபதேசியாரிடம் ஒரு பெயரைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் எல்லோரும் இறந்தவர் பெயரைத்தான் கொடுப்பார்கள். அதுவும் குடும்பம் சொல்லாமல், குரலைத் தாழ்த்தி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அம்மா வந்து பெயர் கொடுத்தால், அகாலமாகப் போய்விட்ட பிள்ளை என்றுதான் அந்த நல்ல மனிதர் நினைத்திருப்பார். துக்கம் விசாரிக்கவும் கூச்சப்பட்டிருப்பார்.

எனக்கு அந்த அம்மாவின் மேல் ஆத்திரமான ஆத்திரம். பத்து மாதம் சுமந்த பிள்ளையைத் தெரிந்த பெண் என்று சொல்ல எப்படி நாக்கு வந்தது என்று நினைத்தேன். நானாக இருந்தால் செத்தாலும் அப்படிச் சொல்லமாட்டேன் என்றும் நினைத்தேன். கல்யாணம் ஆகாத வயதில் இப்படியெல்லாம் நினைப்பது ரொம்பச் சுலபம்.

பெரிய சிஸ்டர் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அம்மா, பொண்ணு பேர் சொல்லுங்க. கோயில்ல சொல்லுங்க. எல்லார் முன்னாடி" என்றார்.  அந்த அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனார், குடையோடுதான். விஷயத்தைக் கேட்டதும் அந்த மனிதர் பாவம், நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "உயிரோட இருக்கிற புள்ளைக்கா நான் இளைப்பாற்றி கேட்டேன்," என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பெரிய பூசையில் நன்றிப் பூசையாக வைத்து, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி திருத்தி வாசித்துவிடுகிறேன் என்றார். அந்த அம்மா அவசரமாக, "ஞாயித்துக்கிழமை வேணாங்க. நாளைக்குக் காலையில அஞ்சரைப் பூசையில போதும்" என்றார்.

விடியற்காலை ஐந்தரைப் பூசைக்கு யார் வருவார்கள்? நாலைந்து கிழவிகள், கடற்கரைக்கு மீன் எடுக்கப் போகிற வழியில் கூடையை வாசலில் வைத்துவிட்டு வரும் ஒரு பெண், அவ்வளவுதான். திரும்பும் வழியெல்லாம் நான் அந்த அம்மாவை விட்டுப் பத்தடி முன்னாலேயே நடந்தேன்.

ஆனால் அன்றைக்குக் காலையில் மகளும் வந்தாள். வா என்று நான் கெஞ்சவில்லை, போகிறோம் என்று மட்டும் சொன்னேன். கடைசித் தூணில் சாய்ந்துகொண்டு நின்றாள். உபதேசியார் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பெரிய திருநாளுக்கு வந்தவர் போல வந்திருந்தார். இன்னார் மகள், இன்னார் பேத்தி என்று அப்பா, அம்மா, தாத்தா எல்லோருடைய பெயரையும் சொல்லி, அவளுடைய பெயரை இந்தத் தரம் தடுக்காமல் சொன்னார். ராத்திரி முழுக்கச் சொல்லிப் பழகியிருப்பார் போலிருக்கிறது. அப்படியும் மனசு ஆறாமல், நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "இந்தப் புள்ள உயிரோட இருக்குது" என்று சேர்த்துக்கொண்டார். அது பூசையில் சொல்கிற வார்த்தையே இல்லை. சாமியார் திரும்பிப் பார்த்தார். தூணருகே அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

திரும்பும்போது வரப்பில் அவர்கள் இருவரும் முன்னால், நான் பின்னால். அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"உங்களால இவ்வளவுதான் முடியுமா?"

"இப்போதைக்கு இவ்வளவுதான்டி முடியும்," என்றார் அம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "எனக்கு ரொம்ப பயமா இருக்குது. நீ போயிடுவியோன்னு பயம். நீ இருக்கியேன்னு நாலு பேருக்குத் தெரியறதும் பயம். என்ன பொம்பள நான்?"

 உப்புக் குவியலைத் தாண்டும்போது, "சரிம்மா" என்றாள். மேடம் போய்விட்டது. 

டிசம்பரில் இருவரும் கிளம்பினார்கள். அன்றைக்கு நிஜமாகவே மழை. நான் சமையலறையில் இருந்தபோதே சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் விருந்தினர் அறையைக் கூட்டப் போனபோது ஜன்னல் கம்பியில் இந்தக் குடை தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். வரப்பு வழியில் அவர்களைக் காணோம். கடைத்தெரு வழியாகப் போயிருந்தார்கள். டீக்கடை, மளிகைக்கடை, கோயில் வாசல் என்று எல்லாவற்றையும் தாண்டி, அம்மா தலையில் முக்காடுகூட இல்லாமல், மகள் கையைப் பிடித்துக்கொண்டு நனைந்துகொண்டே போனதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியாகக் குடையை நீட்டினேன். "இருக்கட்டும் டீச்சர், நீங்களே வெச்சிக்குங்க," என்றார் அந்த அம்மா. முகமெல்லாம் தண்ணீர். அதற்குள் கண்டக்டர் வந்து எந்த ஊர் என்று கேட்டார். புதுச்சேரி என்று சொல்வார் என்று நினைத்தேன். அங்கிருந்துதான் மேற்கொண்டு பயணம்.

"பெரிய முதலியார்சாவடி," என்றார். "எனக்கு ஒன்னு, என் பொண்ணுக்கு ஒன்னு."

அண்ணன் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வாசலில் நிற்க வைத்துப் பேசினார்களோ, உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டார்களோ. அவர்கள் பிறகு மரக்காணம் பக்கம் வரவில்லை. சில வருஷத்தில் பெரிய சிஸ்டர் ஊருக்குத் திரும்பிவிட்டார், பள்ளியும் மூடிவிட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி, நிஜமாகவே ஒரு கான்வெண்டில் டீச்சராகி, ஓய்வும் பெற்றாயிற்று. இவ்வளவு காலமும் அந்த அம்மாவைப் பற்றி யாரிடம் பேசினாலும் நான் இந்தப் பஸ் காட்சியைச் சொன்னதில்லை. கோயில் காட்சியைத்தான் சொல்லியிருக்கிறேன். பெற்ற பிள்ளையை யாரோ என்று சொன்ன ஒரு பொம்பளையை நான் பார்த்திருக்கிறேன் என்று ஆரம்பிப்பேன். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

என் மகள் சென்னையில் இருக்கிறாள். அவள் பையனுக்குப் பதினாறு வயது. போன வருஷத்திலிருந்து அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு நடந்தது எதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. பார், எழுதக்கூட முடியவில்லை, "பிறகு நடந்தது" என்கிறேன். இப்போது மலைப் பக்கம் ஒரு விடுதியில் அவனை விட்டிருக்கிறார்கள். நல்ல இடம் என்கிறார்கள். "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்று மகள் போனில் அழுதாள். இந்தக் காரியத்தில் எத்தனையோ பெற்றவர்களுக்குத் துணையாக நடந்தவள் நான். அவளுக்குச் சொல்ல என்னிடம் நூறு வார்த்தை இருந்திருக்கவேண்டும். "நான் ஏன்டி சொல்லப்போறேன்?" என்றுதான் சொன்னேன். பக்கத்து வீட்டில் கேட்டபோது பெங்களூரில் சேர்த்திருக்கிறோம் என்று, யோசிக்காமலேயே, வந்துவிட்டது.

போன வாரம் அவனுக்காக ஒரு பூசை வைக்கலாம் என்று கோயில் ஆபீசுக்குப் போனேன். மழை வரும் போல இருந்ததால் கையில் இந்தக் குடையை எடுத்துக்கொண்டேன். ஒரு கம்பி கொஞ்சம் வளைந்திருக்கிறது, மற்றபடி பட்டன் இன்னும் வேலை செய்கிறது. உபதேசியார்கள் காலம் போய், இப்போது ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண், என்னிடம் படித்தவளின் மகள். பெயரைச் சொன்னேன்.

"யாரு ஆயா இது உங்களுக்கு?"

"பேரன்," என்றேன். அந்த வரைக்கும் வாய் வந்தது.

"பர்த்டேவா?"

அவள் விரல்கள் பொத்தான்கள் மேல் காத்துக்கொண்டிருந்தன. பின்னால் வரிசையில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "ஆமாம்மா," என்றேன். அவன் பிறந்தது சித்திரையில்.

"ஞாயித்துக்கிழமைப் பெரிய பூசையில போட்டுடவா? எல்லாரும் இருப்பாங்க, வாழ்த்துவாங்க."

"வேணாம்மா," என்றேன். "காலையில அஞ்சரைப் பூசையிலயே போட்டுடு."

வெளியே வந்தேன். மேகம் கலைந்து போயிருந்தது, ஒரு துளி மழைகூட இல்லை. வீட்டுக்குக் கடைத்தெரு வழியாகத்தான் போகவேண்டும். கோயில் வாசலில் நின்று, அந்தப் பட்டனை அழுத்தினேன்.